நடுவில் ஒரு அட்டை

அடிக்கிறவனையும் அடி வாங்குகிறவனையும் அக்கா பார்க்கவே மாட்டார். சும்மா நிற்கிறவனைத்தான் பார்ப்பார். அதற்கென்றே ஒரு அட்டை வைத்திருந்தார். சேலைப் பெட்டியின் மூடியிலிருந்து வெட்டியது, உள்ளங்கை அகலம் இருக்கும். பின்பக்கம் செல்லோ டேப்பைச் சுருட்டி வைத்து, கம்ப்யூட்டர் திரையின் நடுவில் அழுத்துவார். அதோடு எங்கள் கதாநாயகி காணாமல் போய்விடுவாள்.

சேலையூரில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். இரண்டு வருஷமாக ஒரே ஒரு கேமைச் செய்துகொண்டிருந்தோம். ஒரு வீரப்பெண் கோட்டை கோட்டையாக நுழைந்து வாள் வீசும் கதை. அவள் கூந்தல் காற்றில் சரியாக ஆட வேண்டும் என்று ஒருவர் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து வேலை செய்தார். ஆட்டத்தில் அவள் எப்போதும் திரையின் நடுவில்தான் இருப்பாள். அக்கா அந்தக் கூந்தலை அட்டையால் மூடிவிட்டு, ஓரங்களில் நிற்கும் கோட்டைக் காவல்காரர்களை மட்டும் பார்ப்பார்.

முதலாளியை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு அந்த அட்டையைக் கண்டாலே ஆகாது.

"அவளைப் பாக்காம எப்படி மேடம் ஃபைட்டை ஜட்ஜ் பண்ணுவீங்க?"

"அவளை ஊரே பாக்கும் சார். ஊர் பாக்காததைப் பாக்கத்தான எனக்குச் சம்பளம்?"

காவல்காரர்களை ஓட்டுவது மனிதர்கள் இல்லை, கம்ப்யூட்டர். ஐந்து பேர் அவளைச் சுற்றி வளைப்பார்கள். ஒருவன் வந்து அடிப்பான். மற்ற நான்கு பேரும் வாளைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். அவன் விழுந்ததும் அடுத்தவன் வருவான். நான் எத்தனையோ முறை ஆடியும் எனக்கு அது உறைத்ததே இல்லை. அட்டையை ஒட்டிய முதல் நாளே அக்கா சொன்னார்:

"இன்னாது இது, முறை வச்சு அடிக்கிறானுங்க? ரேஷன் கடை வரிசையா?"

பார்த்து முடித்ததும் ஒரு தாள் எழுதுவார். கோடு போட்ட தாள், மூன்று கட்டங்கள். யார் நின்றான், எவ்வளவு நேரம் நின்றான், ஏன் நின்றான். அடியில் 'அனுப்பலாம்' அல்லது 'அனுப்பக் கூடாது'. கையெழுத்து. அவ்வளவுதான். கேம் வெளிவருவதற்கு முன்பே சண்டைக் காட்சிகளைப் பதிவு செய்து பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு அனுப்புவோம். அவர்கள் பார்த்துப் பிடித்துப்போனால் பணம் போட்டு வெளியிடுவார்கள். முதல் தடவை அனுப்பும்போது, 'அனுப்பக் கூடாது' என்று அக்கா எழுதிய தாளையும் யாரோ தெரியாமல் சேர்த்து அனுப்பிவிட்டார்கள். சார் தலையில் கை வைத்துக்கொண்டார். பெங்களூர்க்காரர்களோ தாளை யாரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இனிமேல் இந்த அம்மாவின் தாள் இல்லாமல் எந்த வீடியோவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கதாநாயகியை ஓட்டிப் பதிவு செய்வது என் வேலை. ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. கோவளத்தில் மீன் பெட்டிக்கு ஐஸ் அள்ளிப் போட்டேன். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு முலாம் பூசும் பட்டறையில் ஒன்றரை வருஷம் இருந்தேன். பிறகு காட்டாங்குளத்தூரில், மணிக்கணக்குப் போட்டு கேம் ஆடவிடும் ஒரு கடையைப் பெருக்கித் துடைத்தேன். ஆள் வராத பகல்களில் ஆடி ஆடிக் கை பழகிவிட்டது. அங்கே ஆட வந்த காலேஜ் பெண் நிவேதா, பின்னால் இந்த ஆபீஸில் காவல்காரர்களின் மூளையை எழுதும் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் சொல்லித்தான் நானும் வந்தேன். முப்பத்திரண்டு வயதில் ஏ.சி. அறையில் முதல் வேலை.

அக்காவுக்கு அப்போது வயது ஐம்பதை நெருங்கியிருக்கும். பெருங்களத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். முன்பு தாம்பரத்தில் ஒரு பெரிய துணிக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து, கேமராத் திரைகளைப் பார்க்கும் வேலையில் பல வருஷம் இருந்தவர் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். ஏன் விட்டார் என்று யாரும் கேட்டதில்லை. அவரிடம் கேட்பது சுலபமில்லை. நாம் ஒன்று கேட்பதற்குள் அவர் நம்மிடம் இரண்டு பார்த்திருப்பார்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே என்னிடம் மெல்லச் சொன்னார்:

"நேத்து காலைல அந்த மழைல எல்லார் செருப்பும் ஊறிக் கிடந்துச்சு. உன்னுது மட்டும் காஞ்சிருந்துச்சு, தம்பி."

நான் ஆபீஸிலேயே படுத்துக்கொள்வது சாருக்குத் தெரியாது. என் கையில் சோறு அப்படியே நின்றது. மறுநாள் என் மேஜைக்கு அடியில் ஒரு பாயும், கொசுவர்த்திப் பாக்கெட் ஒன்றும் இருந்தன.

இன்னொரு நாள் பஸ் ஓடவில்லை. அக்காவை ரயிலில் வீடு வரை விட்டு வர, தாம்பரம் ஸ்டேஷனில் அவரோடு நின்றிருந்தேன். பிளாட்பாரத்தின் கோடியில் தூணைப் பிடித்துக்கொண்டு ஒருவர். அக்கா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

"அந்த ஆளு மூணு வண்டிய விட்டுட்டாரு. ஒவ்வொரு வண்டி வரும்போதும் ஒரு அடி முன்னாடி போறாரு."

நான்காவது வண்டி வரும் சத்தம் கேட்டது. அந்த ஆள் ஒரு அடி முன்னால் வைத்தார். அக்கா என்னை இழுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார். வண்டி நின்றது. பள்ளிச் சீருடையில் ஒரு பெண் இறங்கினாள். அந்த ஆள் அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, "ஏம்மா இவ்ளோ லேட்டு?" என்றார். மூச்சு வாங்க எதிரில் வந்து நின்ற எங்கள் இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். அக்கா சிரித்த சிரிப்பு பெருங்களத்தூர் வரைக்கும் அடங்கவில்லை.

"தப்பாப் போச்சு! தப்பாப் போச்சு தம்பி!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தன் கணிப்பு தப்பிப் போனதற்கு அப்படிச் சந்தோஷப்பட்ட ஒரு ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. காரணம் பின்னால்தான் தெரிந்தது.

பெங்களூர்க்காரர்கள் கடைசி கெடு கொடுத்தார்கள். நல்ல சண்டைக் காட்சி ஒன்று, அக்காவின் தாளோடு, வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டும். இல்லாவிட்டால் வேறு கேமைப் பார்த்துக்கொள்வார்கள். நிவேதா என்ன எழுதியும் காவல்காரர்கள் வரிசையில்தான் நின்றார்கள். திங்கட்கிழமை மத்தியானம் அக்கா பல் டாக்டரிடம் போயிருந்த நேரம் பார்த்து சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"அஞ்சு பேர்ல ஒருத்தன் புத்திசாலியாத் தெரிஞ்சாப் போதும். மூணாவது ஆளை கம்ப்யூட்டர் ஓட்ட வேணாம். நீ ஓட்டு. கதாநாயகியை நிவேதா ஆடட்டும்."

"சார், அது ஏ.ஐ. இல்லையே சார்," என்றாள் நிவேதா.

"வீடியோல யாருக்குமா தெரியும்? பணம் வரட்டும், அப்புறம் நிஜமா எழுதிக்கலாம்." பிறகு என்னைப் பார்த்து, "சரியா வரலன்னா எனக்கு இங்க ஆள் தேவையே இல்ல. புரியுதா?"

புரிந்தது. நான் ஓட்டினேன். வீடியோ பிரமாதமாக வந்தது. மூன்றாவது காவல்காரன் பாய்வதுபோல் போக்குக் காட்டினான். பதுங்கினான். மற்றொருவன் விழுந்ததும் பின்வாங்கினான். ஆபீஸே கைதட்டியது.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா அட்டையை ஒட்டினார். ஒருமுறை பார்த்தார். இரண்டாவது முறை பார்க்கும்போது விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேல் போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அக்காவின் கண் அசையவில்லை. மூன்றாவது முறை பாதியில் நிறுத்தச் சொன்னார்.

"மூணாவது ஆளு. இவன் யாரு?"

"யாருன்னா? காவல்காரன்தான் மேடம்," என்றார் சார். "நிவேதா புதுசா எழுதியிருக்கு."

நிவேதா கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மத்த நாலு பேரும் அவளை மட்டும் பாத்துக்கிட்டு நிக்கிறானுங்க. இவன் அவளையும் பாக்குறான், கதவையும் பாக்குறான். அடி விழறதுக்கு முன்னாடியே ஒரு அடி பின்னாடி வச்சிடுறான். முதுகைச் சுவத்துல ஒட்டிக்கிறான். எங்க போனாலும் முதல்ல சுவத்தைத் தேடுறான்."

"அதான் மேடம் நல்ல ஏ.ஐ.!"

"நல்லாத்தான் இருக்கு," என்றார் அக்கா. நாற்காலியை மெதுவாகத் திருப்பினார்.

நான் வழக்கமாக நிற்கும் இடத்தில்தான் நின்றிருந்தேன். கதவுக்குப் பக்கத்தில், சுவரில் முதுகைச் சாய்த்து. பட்டறையில் வந்த பழக்கம். சூப்பர்வைசர் பின்பக்கமாக வந்துதான் அடிப்பார். பிறகு ஸ்டேஷன்களில் படுத்தபோது அது உடம்போடு ஒட்டிக்கொண்டது. அக்காவின் கண் என் மேல் ஒரு மூச்சு நேரம் நின்றது. நான் சுவரை விட்டு விலகினேன். விலகாமல் இருந்திருக்க வேண்டும்.

"எல்லாரும் டீ குடிச்சிட்டு வாங்க சார்," என்றார் அக்கா. "தம்பி இருக்கட்டும். நிறுத்தி நிறுத்திக் காட்ட ஆள் வேணும்."

எல்லோரும் போனார்கள். அக்கா வீடியோவைப் போடச் சொல்லவில்லை. அட்டையைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"உன்னை நான் எதுவும் கேக்கல. கேட்டா நீ சொல்லணும். சொன்னா நான் எழுதணும்."

"துணிக்கடைல ஒருத்தன் இப்படித்தான் நின்னான். பட்டுச் சேலை மாடி. சுவத்தோரமா. எதையும் தொடல, எதையும் கேக்கல, கதவையே பாத்துக்கிட்டு ஒரு பையை நெஞ்சோட கட்டிப் பிடிச்சிருந்தான். எவ்வளவு நேரம் நின்னான், ஏன் நின்னான். எனக்கு சந்தேகமே இல்ல. பெல்லை அமுக்கிட்டேன். குடோனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. குடோன்லயும் கேமரா இருக்கு. சத்தம் வராது, படம் மட்டும்தான். நாலு பேரு. அவனுங்களும் முறை வச்சுத்தான் அடிச்சானுங்க."

அட்டையின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார்.

"பையில ஒரு ரவிக்கைத் துண்டு இருந்துச்சு. தங்கச்சி கல்யாணத்துக்கு அந்தக் கலர்ல சேலை எடுக்க வந்திருக்கான். அவ்ளோ பெரிய கடைக்குள்ள அதுக்கு முன்னாடி வந்ததே இல்ல. யாருகிட்டக் கேக்குறதுன்னு தெரியாம நின்னிருக்கான். ஒரு காது போயிடுச்சு அவனுக்கு. திருடனும் பயந்தவனும் ஒரே மாதிரிதான் நிக்கிறாங்க தம்பி. எனக்கு அது அன்னிக்குத் தெரியல."

"எழுதாதீங்கக்கா," என்றேன். "இது போனா எனக்கு வேலை மட்டும் போகாது."

"தெரியும். மொட்டைமாடில தண்ணி டேங்க் பின்னாடி உன் துணி காயுது." பேனாவை எடுத்தார். "ஆளைக் காட்டிக் கொடுக்க மாட்டேன். ஆனா பொய்யும் எழுத வராது எனக்கு."

வெகுநேரம் யோசித்துத்தான் எழுதினார். எல்லோரும் திரும்பி வந்தபோது தாள் மேஜை மேல் இருந்தது. சார் எடுத்து வாய்விட்டுப் படித்தார்.

"ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து தேறவில்லை. மூன்றாவது ஆள் தேறினான். மற்றவர்களும் அவனைப்போல ஆகும்வரை அனுப்பக் கூடாது."

சாரின் முகம் மாறியது. என்னிடம் திரும்பினார். "நீ சொன்னியா?"

"அவன் வாயே திறக்கல," என்றார் அக்கா.

"மேடம், வெள்ளிக்கிழமை இது போகலன்னா இந்த ஆபீஸே இருக்காது. ஒன்பது பேரு மேடம்!"

"தெரியும் சார். அதான் மூணு வாட்டி பாத்தேன்."

"ஒரே ஒரு வார்த்தை மாத்துங்க. 'கூடாது'ன்றதை 'லாம்'னு போடுங்க."

அக்கா பேனாவை மூடினார். சார் தாளைக் கசக்கினார், பிறகு என்ன நினைத்தாரோ, நீவிவிட்டு மேஜைமேல் வைத்தார். "நாளைலேர்ந்து நீங்க வர வேணாம் மேடம்."

அக்கா டிபன் பையையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு கதவுக்கு வந்தார். கதவை மறித்து நின்றவன் நான்தான். வழிவிட்டேன். அன்று நான் செய்தது அவ்வளவுதான்.

தாள் இல்லாமல் அனுப்ப சாருக்குத் துணிவு வரவில்லை. பெங்களூருக்குப் போன் போட்டுக் கெஞ்சினார். பொங்கல் கழியும் வரைக்கும் கெடு நீண்டது. இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள். நிவேதா அந்தக் கசங்கிய தாளைத் தன் மேஜையில் ஒட்டிவைத்துக்கொண்டு, எனக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டாள். வீடியோவை ஓட்டி ஓட்டி நிறுத்துவாள்.

"இங்க ஏண்ணா பின்னாடி போனீங்க? அவ இன்னும் வாளைத் தூக்கவே இல்லையே?"

"தூக்குறதுக்கு முன்னாடியே தெரியும்மா. அடிக்கப் போறவன் முதல்ல காலை மாத்தி வைப்பான்."

தட்டச்சு செய்வாள். "இங்க கதவு பக்கம் ஓடியிருக்கலாமே. ஏன் ஓடல?"

"ஓடினா எல்லாரும் சேந்து அடிப்பாங்க. நின்னா ஒருத்தன்தான் அடிப்பான்."

அவள் விரல்கள் நின்றன. என்னைப் பார்த்தாள். பிறகு அதையும் எழுதினாள். ஆறு வாரம் இப்படிப் போனது. என் உடம்பு எங்கெங்கே எதைக் கற்றுக்கொண்டதோ, எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பொங்கலுக்குப் பிறகு சாரே பெருங்களத்தூர் போய் அக்காவைக் கூட்டிவந்தார். அக்கா உட்கார்ந்ததும் முதல் வேலையாக ஆபீஸில் கூடுதலாக இருந்த, திரையில் ஆளை ஓட்டும் கன்ட்ரோலர்களைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டு இருந்தன. இரண்டையும் தன் மடியில் போட்டுக்கொண்டார். நிவேதாவின் கையில் ஒன்றுதான், கதாநாயகிக்கு. எல்லோரும் கண்ணெதிரில் நின்றோம். அட்டை ஒட்டியாயிற்று.

"நேர்லயே ஆடு. வீடியோ வேணாம்."

ஐந்து காவல்காரர்கள் வந்தார்கள். வரிசை இல்லை. ஒருவன் முன்னால் வந்து மறித்தான், இன்னொருவன் பக்கவாட்டில் சுற்றினான். முதல் இரண்டு பேர் விழுந்ததும் மூன்றாவது ஆள் சுவருக்குப் போனான். முதுகை ஒட்டிக்கொண்டான். கதவைப் பார்த்தான். போகவில்லை. யாரும் அவனை ஓட்டவில்லை. என் கைகள் என் பாக்கெட்டில் இருந்தன. எனக்கு வியர்த்தது.

அக்கா ஒரே முறைதான் பார்த்தார். 'ஏன்' என்ற கட்டத்தில் 'நன்றாகப் பயப்படுகிறான்' என்று எழுதினார். அடியில் 'அனுப்பலாம்'. கையெழுத்து. எல்லோரும் கூச்சல் போட்டுக் கைகுலுக்கிக்கொண்டார்கள். அக்கா அட்டையைப் பிய்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

"கெட்டிக்காரிடி நீ," என்றார் நிவேதாவிடம். பிறகு சாரிடம், "இனிமே இவனை எத்தனை பேரு சார் அடிப்பாங்க?"

"லட்சக்கணக்குல அடிக்கணும் மேடம்! அப்பதான நமக்குச் சோறு!"

அக்கா சிரிக்கவில்லை.

மூன்றாவது ஆள் தானாகவே பயப்படக் கற்றுக்கொண்ட பிறகு என்னால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. கதாநாயகியை ஓட்டிப் பதிவு செய்யவும் காட்டாங்குளத்தூரிலிருந்து சம்பளமில்லாமல் காலேஜ் பிள்ளைகள் வரத் தயாராக இருந்தார்கள். மாதக் கடைசியில் சார் மரியாதையாகவே சொன்னார். பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு இறங்கினேன். தாளுக்கான சம்பளம் வாங்க வந்த அக்கா மாடிப்படியில் எதிரே வந்தார்.

"எங்க போற?"

"கோவளம்க்கா. ஐஸ் ஏத்துற வேலை."

"படுக்க இடம்?"

"இருக்குக்கா."

குனிந்து என் செருப்பைப் பார்த்தார். அவரை நான் பார்த்தது அதுதான் கடைசி.

போன மாதம் தாம்பரம் வந்துவிட்டு பஸ்ஸில் கோவளம் திரும்பிக்கொண்டிருந்தேன். கடைசி சீட்டை ஒட்டிய மூலையில் நின்றிருந்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பையன்கள் ஒரே போனில் வீடியோ பார்த்தார்கள். கூந்தலைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கேம் இன்னும் வெளிவரவில்லை. முன்னோட்டம் விட்டிருக்கிறார்கள் போல.

"மச்சான், அந்தாண்ட ஒருத்தன் செவுத்தோட ஒட்டிக்கினு கீறான் பாரு. பக்கு போல, கேம்ல ஏதோ கோளாறு."

"கேமே வரல, அதுக்குள்ள பக்கா? பேஜார்டா. அவள பாரு, போறா பாரு, போட்றப் போறா அவன!"

நான் கையை நீட்டி, கட்டைவிரலைத் திரையின் நடுவில் வைத்தேன்.

"அண்ணா! இன்னாண்ணா பண்றீங்க?"

"அவளை விடுங்கப்பா. செவுத்தோரம் நிக்கிறவனைப் பாருங்க."

திட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். என்னவோ, பார்த்தார்கள். கதாநாயகி இல்லாத திரையில் அவன் தனியாக நின்றான். கதவைப் பார்த்தான். தனக்கு முன்னால் இருப்பதைப் பார்த்தான். மறுபடி கதவைப் பார்த்தான்.

"டேய், நெஜமாவே பயப்பட்றான்டா," என்றான் ஒருவன் மெல்ல.

"அடிச்சிட்டாளா?" என்றான் மற்றவன்.

"தெர்ல மச்சான். அண்ணன் கை மறைக்குது."

நான் கையை எடுக்கவில்லை.